சீனிக்ரூஸர்: மேல ஃபுல் மார்க், இன்ஜினுக்கு பாஸ் மார்க்

பழைய பஸ்னா உயிர விடுற ஆளுங்க எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுற வண்டி இது. சீனிக்ரூஸரோட மாடல் பேரு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிடி-4501, 1954ல இருந்து 1956 வரைக்கும் 1001 வண்டி, எல்லாமே அமெரிக்க பஸ் கம்பெனி கிரேஹவுண்டுக்குத்தான். டிசைன்ல பிரபல அமெரிக்க டிசைனர் ரேமண்ட் லோவி கை இருக்கு, அந்த அலுமினிய வரி வரியான பாடிய பாத்தாலே தெரிஞ்சிடும்.

நாற்பதடி நீளம், 43 சீட்டு, அதுல பத்து கீழ டிரைவர் பக்கம், மீதி 33 படியேறி மேல. மேல முதல் வரிசை கிடைச்சா விடாதீங்க, டிரைவர் தலைக்கு மேல தனியா ஒரு கண்ணாடி, ரோடு மொத்தமும் நமக்குத்தான். ஏர் சஸ்பென்ஷன், ஏசி, டாய்லெட்னு அந்தக் காலத்துலயே எல்லாம் குடுத்துட்டாங்க, மேல்தட்டுக்கு அடியில லக்கேஜுக்கும் தாராளமா இடம்.

ஆனா இன்ஜின் விஷயம் சொதப்பல்தான். அப்ப இவ்ளோ பெரிய வண்டிய இழுக்க ஜிஎம் கிட்ட தோதான ஒரே டீசல் இன்ஜின் இல்ல, அதனால 4-71ங்கிற நாலு சிலிண்டர் இன்ஜின்ல ரெண்ட பின்னாடி கோத்து விட்டாங்க, அது ஓயாம மக்கர் பண்ணி கடைசில 1961-62ல அதக் கழட்டிட்டு 8வி-71ங்கிற ஒரே எட்டு சிலிண்டர் இன்ஜின் போட்டாங்க. பாடி ஃப்ரேம்ல விரிசல் வேற, ஜன்னலுக்குக் கீழ எக்ஸ்ட்ரா தகடு அடிச்சிருக்கிறது அதுக்குத்தான் (ரீஸ்டோர் பண்றேன்னு அதப் புடுங்கிடாதீங்கப்பா).

கீழ்தட்டு சீட்டு? டாய்லெட்டுக்கு பக்கத்துல உக்காந்து வர்றதுல எனக்கு இஷ்டம் இல்ல.