ஊர் வட்ஸ்அப் குறூப்பில் அட்மினாக இருந்து பார்த்தது

எங்கள் ஊர் வட்ஸ்அப் குறூப்புக்கு நான் நீண்டகாலமாக அட்மின். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களைவிட ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போய்விட்டவர்கள்தான் அதில் அதிகம். மரண அறிவித்தல், கோவில் கணக்கு, கலியாணப் படம் எல்லாம் அங்கேதான் வரும். சண்டையும் அங்கேதான்.

2022இல் வந்த ஒரு வசதியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். யார் போட்ட பதிவையும் அட்மின் எல்லோருக்குமாக நீக்கலாம். நீக்கிய இடத்தில், இன்ன அட்மின் நீக்கினார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். நல்ல ஏற்பாடுதான், ஒளிவுமறைவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் செத்தவீட்டுப் படத்தை, பெட்டியில் கிடத்திய முகத்தோடு, போட்டார். ரொறன்ரோவில் இருக்கும் இளம் அட்மின் உடனே நீக்கினார். விதிப்படி சரி. மாஸ்ரருக்கோ, தான் படிப்பித்த பிள்ளைகள் எல்லோரும் பார்க்க ஒரு பொடியன் தன்னைத் தட்டிக்கேட்டதாகப் பட்டது. மறுபேச்சில்லாமல் விலகிவிட்டார். இப்போது ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டுந்தான் அறிவித்தல் வரும் என்பதால், கனபேருக்கு அது தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு இங்கே இருக்கும் பெரியவர்கள் போட்டதென்றால் முதலில் தொலைபேசி எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். போட்டவரே தன் பதிவை எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. "மாஸ்ரர், வீட்டுக்காரர் மனம் நோகுது, நீங்களே எடுத்துவிடுங்கோ" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. "விதி எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணை, ஏன் சிலருக்கு மட்டும் காதுக்குள்ள சொல்லுறீங்கள்?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் விதிகளைக் குறூப் விபரத்தில் எழுதிவைத்தோம், விதி மீறினால் பதிவு போகும் என்பதில் மாற்றமில்லை. சொல்லும் விதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

சாமத்தியவீட்டுப் படம் வேறு மாதிரி. நல்லூரில் இருக்கும் மாமி ஒருவர் லண்டன் பேத்தியின் படங்களைச் சந்தோஷமாகப் போட்டார். பிள்ளையின் தாய் எடுக்கச் சொன்னார். "மண்டபத்தில ஊரே பார்த்த பிள்ளைதானே" என்றார் மாமி. "மண்டபத்துக்கு வந்தவை எங்களைத் தெரிஞ்ச ஆக்கள் மாமி, இந்தப் படம் எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்" என்று தாய். நான் தாயின் பக்கம். 2019இலிருந்து ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குத்தான் அனுப்பலாம். அது வேகத்தைக் குறைக்குமே தவிர, ஒருவர் சேமித்துவைத்த படத்தைத் திருப்பி எடுக்காது. ஆகவே பிள்ளைகளின் படத்துக்குத் தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும் என்பது இப்போது எங்கள் முதல் விதி.

இன்னொரு சங்கடம் நேரம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே பின்னேரம் நாலரைக்கு வேலை முடிந்து ஒருவர் கோவில் கணக்கைக் கிளறினால் இங்கே விடியப்புறம் இரண்டு மணி. எழும்பிப் பார்க்கும்போது ஊரே இரண்டாகிக் கிடக்கும். அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்ற பூட்டு அந்த நேரத்துக்கு நல்லது, ஆனால் அதைப் போட அங்கேயும் ஒருவர் விழித்திருக்கவேண்டும். இரண்டு நாட்டு அட்மின்களாவது இல்லாமல் இப்படிக் குறூப் நடத்த வேண்டாம்.

சாதியைச் சொல்லி ஒருவரை இழுத்தால் மட்டும் தொலைபேசி கிடையாது. அதில் மாஸ்ரர், மாமா என்று பார்ப்பதில்லை. முதலில் நீக்கம், அப்புறம்தான் பேச்சு. அங்கே என் பெயரோடு அந்த வரி எல்லோருக்கும் தெரியக் கிடக்கட்டும்.