உர மாற்றம்: ஒரே நாள் தடையா, படிப்படியான பரிசோதனையா?

இயற்கை உரத்துக்கு மாறவென 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு ஒரேயடியாக நிறுத்தியது, நவம்பரில் பின்வாங்கியது. இவ்வழியில் வேகம் உண்டு. ஆனால் மலையகத் தேயிலையில் கணக்கு உதைத்தது. யூரியாவில் 46% நைதரசன். மக்கிய இயற்கை உரமான கூட்டெருவில் பெரும்பாலும் 1–2%தான். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாக ஏறக்குறைய ஒன்றரை தொன் கூட்டெருவைச் சரிவில் ஏற்ற வேண்டும். அதற்கு எருவும் ஆளும் எங்கே?

பரிசோதனை என்றால், தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் (பிரிவிலும்) இரண்டு மலையில் (தேயிலை நிலத் துண்டில்) மட்டும் கால்பங்கு, அரைப்பங்கு இரசாயன உரத்துக்குப் பதில் கூட்டெரு இட்டு, ஒரு கவ்வாத்துச் சுற்று (செடியை வெட்டிவிடுவதிலிருந்து அடுத்த வெட்டு வரை) முழுக்கக் கொழுந்தை எடைபோட்டுப் பார்ப்பது. எவ்வளவு குறைந்தால் கைவிடுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் இதுவும் வீண். சுற்று முடிய மூன்று, நான்கு வருடமாகும். அதற்குள் அமைச்சர் மாறிவிடுவார்! இருந்தும் எங்கள் தெரிவு இதுவே. நுவரெலியா முடிவை ஊவாவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே மழைக்காலமே வேறு.