செல்வெட்ஜா, ஸ்ட்ரெட்ச்சா?

நல்ல விலை கொடுத்து ஜீன்ஸ் எடுப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, செல்வெட்ஜ் டெனிம், அதாவது நெய்யும்போதே கரை கட்டிய ஜீன்ஸ் துணி. ஜப்பானின் கொஜிமா பகுதி இதற்குப் பெயர்பெற்றது. ஷட்டில் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுபடாமல் திரும்பி வருவதால் கரை பிரியாது. ஜீன்ஸின் கால் நுனியை மடித்துவிட்டால் அந்தக் கரை அழகாகத் தெரியும். இண்டிகோ என்ற நீலச் சாயம் நூலின் மேற்பரப்பில்தான் நிற்கும், நடுப்பகுதி வெள்ளை. அதனால் முழங்கால் மடிப்பிலும் பர்ஸ் வைக்கும் பாக்கெட்டிலும் உடுத்துபவருக்கே உரிய வெளுப்பு விழும். வடிவமைப்பாளர்களை இது இழுப்பதில் ஆச்சரியமே இல்லை. பாதி வடிவமைப்பை உடுத்துபவரே முடிக்கிறார்!

மற்றது, எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த ஸ்ட்ரெட்ச். முதல் நாளே சுகம். ஆனால் சூட்டில் அடிக்கடி உலர்த்தினால் இழுவை தளர்ந்து முழங்கால் தொளதொளக்கும்.

என் ஓட்டு செல்வெட்ஜுக்கு. ஆரம்பத்தில் விறைப்பாகத்தான் இருக்கும். சரி, நாள் முழுக்க வண்டி ஓட்டுபவரா? ஸ்ட்ரெட்ச்சே எடுங்கள், எலாஸ்டேன் 2 சதவீதத்தைத் தாண்டாததாகப் பார்த்து.