காசாண்ட்ரா மறுதொடக்கம்: ஒவ்வொன்றாகவா, ஒரேயடியாகவா?

காசாண்ட்ரா என்பது பல கணினிகளில் (கணுக்களில்) தரவைப் பரப்பி வைக்கும் தரவுத்தளம். கணுக்களை ஒவ்வொன்றாகவும் மறுதொடக்கலாம், எல்லாவற்றையும் ஒரேயடியாகவும் மறுதொடக்கலாம்.

சேவை: ஒவ்வொரு தரவுக்கும் பிரதிகள் 3, குவோரம் (பதில் தர வேண்டிய பிரதிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை) 2 என்றிருந்தால், ஒவ்வொரு கணுவாக நிறுத்தித் தொடங்குவது பயனருக்குத் தெரியவே தெரியாது. ஒரேயடியாக நிறுத்தினால் எல்லாம் இருட்டு.

நேரம்: முதலாவது இழுக்கும்; இரண்டாவது சட்டென முடியும்.

கட்டளை: இரண்டிலும் முதலில் காசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியில் 'நோட்டூல் டிரெய்ன்' (nodetool drain). நினைவகத்தில் இருப்பவை வட்டில் இறங்கிவிடும். எழும்போது கமிட் லாக்கை (எழுதியவற்றின் பதிவேட்டை) திரும்ப ஓட்டும் வேலை இருக்காது. பிறகுதான், ஒவ்வொன்றாக என்றால், சேவையை மறுதொடக்கும் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' (systemctl restart). ஒவ்வொன்றாகச் செய்கையில், 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' அந்தக் கணுவுக்கு 'யுஎன்' (UN: எழுந்து இயல்பாக இயங்குகிறது) காட்டும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். அவசரக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரேயடி முறையில் ரீஸ்டார்ட்டுக்குப் பதில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சீட் கணுக்களை (மற்ற கணுக்கள் குழுவைக் கண்டறியத் தொடர்புகொள்பவை) முதலில் எழுப்ப வேண்டும்.

அமைப்புக் கோப்பில் மாற்றம், சிறு பதிப்பு உயர்வு என்றால் ஒவ்வொன்றாக. மின்தடைப் பராமரிப்பு, சோதனைக் கணினிகள் என்றால் ஒரேயடியாக.