அரசு நூலகத்தில் கழிக்கும் புத்தகம்: ஏலமா, எடைக்கா, இன்னொரு நூலகத்துக்கா?

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு புத்தகம். முதுகு கழன்றுவிட்டது. தாளைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிர்கிறது, நடுவே ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை. பக்கத்திலேயே, அட்டை மெருகு குலையாமல், என்றோ காலாவதியான வருமான வரிக் கையேடு. இரண்டையும் யாரும் எடுப்பதில்லை. ஆனாலும் கழிக்க நூலகருக்குப் பயம், கணக்குத் தணிக்கையில் கேள்வி வருமே என்று. அந்தப் பயத்தாலேயே நல்ல புத்தகங்களும் இடமில்லாமல் மூட்டையில் கிடக்கின்றன.

இங்கே பேசுவது மத்திய அரசு நூலகங்களைப் பற்றி. அவற்றுக்குப் பொது நிதி விதிகள் 2017 பொருந்தும். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை, அவற்றின் நடைமுறை தனி.

எந்த வழியில் போனாலும் முதல் படி ஒன்றுதான். விதி 217இன்படி, பொருள் உபரி, காலாவதியானது, பயன்படாதது என்று அறிவிக்கும்போது காரணத்தை எழுதிவைக்க வேண்டும். தகுதியுள்ள அதிகாரி, அதாவது இதில் முடிவெடுக்க அதிகாரம் பெற்றவர், இதற்காகக் குழுவும் அமைக்கலாம். 'பழையது' என்று ஒரே சொல்லில் முடித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். 'பக்கங்கள் உதிர்கின்றன, பைண்டிங் செய்ய முடியாது, வேறு பிரதி உள்ளது' என்று எழுதினால் அந்த வரியே நூலகரைக் காப்பாற்றும்.

சரி, அப்புறம்? எஞ்சிய மதிப்பு, அதாவது இன்றைய நிலையில் அந்தப் பொருளுக்கு மதிப்பிடும் தொகை, 2 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் விளம்பரம் செய்த ஒப்பந்தப்புள்ளி அல்லது பொது ஏலம். அதற்குக் கீழே என்றால், எந்த வழி என்பதைத் தகுதியுள்ள அதிகாரியே தீர்மானிக்கலாம். பொருள் தேங்கி மதிப்பிழக்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. சாதாரண நூலகம் ஒன்று கழிக்கும் பழைய புத்தகக் குவியலின் எஞ்சிய மதிப்பு அந்த வரம்பைத் தொடுவது அரிது. ஏலம் ஒன்றே வழி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது சரியல்ல.

ஏலத்தின் பலம் அதன் வெளிப்படைத்தன்மை. யார் எடுத்தார், எவ்வளவுக்கு எடுத்தார் என்பது காகிதத்தில் நிற்கும். ஆனால் ஏலத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் காகிதத்தைத்தான் பார்ப்பார். வாசிக்கத் தகுந்த நாவலும் மட்கிய கையேடும் அவருக்கு ஒரே எடை. எடைக்குப் போடுவதும், கூழாக்குவதும் விதியில் கடைசியில்தான் வருகின்றன: ஒப்பந்தப்புள்ளியிலும் ஏலத்திலும் விற்காததை நிதிப் பிரிவைக் கலந்து, அதிகாரியின் ஒப்புதலோடு கழிவு விலைக்குக் கொடுக்கலாம், அதற்கும் விலை போகாவிட்டால் சுற்றுச்சூழலைக் கெடுக்காத வகையில் அழிக்கலாம். பூஞ்சை பிடித்து மற்றப் புத்தகங்களுக்கும் பரவும் நிலையில் இருப்பவற்றுக்கு அழிப்பே பொருத்தம் என்பேன்.

என் விருப்பம் மாற்றித் தருவதுதான். இங்கே மூன்றாவது பிரதியாகத் தூங்குவது இன்னொரு அரசு நூலகத்தில் முதல் பிரதியாக இருக்கும். பட்டியல், ஒப்புதல், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இந்த மூன்றும் இருந்தால் கோப்பு சுத்தம். தனியார் அறக்கட்டளைக்குக் கொடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். அதிகாரியின் எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது.

காணாமல் போன புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில் நைசாகச் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குத் தனி விதி இருக்கிறது: ஆண்டில் வாசகர்களுக்கு வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1000 நூல்களுக்கு 5 தொலைவது, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணம் இல்லாதபோது, ஏற்கத்தக்க இழப்பு. 1000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை கட்டாயம்.

பதிப்பாளர்கள் தங்கள் நூலின் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி புத்தகம் பெறும் கன்னிமாரா போன்ற நூலகங்களின் கதை வேறு. அங்கே காப்பதே வேலை.

எல்லா ஒப்புதலும் வந்த பிறகு, நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் எண்ணிட்டுப் பதியும் வரவுப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தின் வரிசை எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, உத்தரவு எண்ணையும் தேதியையும் பக்கத்தில் எழுதி, புத்தகத்தில் நூலக முத்திரை இருக்கும் இடமெல்லாம் 'கழிக்கப்பட்டது' என்று குத்த வேண்டும். அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.