வார்னிஷ் கேஷ்: கெட், ஹெட், போஸ்ட் கோரிக்கைகளை அது கையாளும் விதம்

நார்வேயின் வி.ஜி. நாளிதழுக்கென உருவாக்கப்பட்டு 2006இல் முதன்முதலாக வெளியான வார்னிஷ், இணையதளத்தின் மூல சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களைச் சேமித்து வழங்கும் கட்டற்ற மென்பொருளாகும். கோரிக்கையின் வகையைப் பார்த்து அது இயல்பாக எடுக்கும் முடிவுகளை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பக்கத்தைக் கேட்கும் கெட், பக்கத்தைப் பற்றிய குறிப்புகளான தலைப்புகளை மட்டும் கேட்கும் ஹெட் ஆகிய இரண்டை மட்டுமே அது கேஷில், அதாவது தன் சேமிப்பில், தேடும். தரவை அனுப்பவும் மாற்றவும் நீக்கவும் பயன்படும் போஸ்ட், புட், டெலீட், பேட்ச் போன்றவற்றை அப்படியே மூல சர்வருக்கு அனுப்பிவிடும். ஹெட் கோரிக்கை வந்து, சேமித்த பிரதி இல்லாவிட்டால், வார்னிஷ் மூல சர்வரிடம் கெட் ஆகவே கேட்டு, முழுப் பக்கத்தையும் சேமித்துக்கொண்டு, கேட்டவருக்குத் தலைப்புகளை மட்டும் தருகிறது. அடுத்து வரும் கெட் கோரிக்கைக்கு அதே பிரதி பயன்படுகிறது. இது மிக நேர்த்தியான ஏற்பாடு. பதிலில், பிரதியின் வயதைக் காட்டும் ஏஜ் தலைப்பு ஏறிக்கொண்டே போவதையும், எக்ஸ்-வார்னிஷ் தலைப்பில் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்கள் தோன்றுவதையும் கொண்டு இதை எளிதாகச் சரிபார்க்கலாம்.

குக்கி (உலாவி அனுப்பும் சிறு அடையாளத் தரவு) உள்ள கெட் கோரிக்கையையும் அது சேமிப்பதில்லை. பாதுகாப்பான முடிவுதான், ஆனால் பார்வையாளர் கணக்கெடுக்கும் குக்கி ஒன்று இருந்தாலே கேஷ் பயனற்றுப்போகும் என்பதால், அத்தகைய குக்கிகளை நீக்கும் விதியை, வார்னிஷின் அமைப்பு மொழியான வி.சி.எல்.லில் எழுதிய கோப்பில் கட்டாயம் எழுத வேண்டும்.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறொன்று. ஒரு முகவரிக்குச் சென்ற போஸ்ட், புட் அல்லது டெலீட் வெற்றி பெற்றால், அந்த முகவரிக்குரிய பழைய பிரதியைச் செல்லாததாக்க வேண்டும் என்று 2022இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்.எப்.சி. 9111 கூறுகிறது. வார்னிஷ் தானாக அதைச் செய்வதில்லை. கட்டுரையைப் புட் மூலம் திருத்திய பிறகும், மூல சர்வர் காலவரம்பு எதையும் குறிப்பிடாதிருந்தால், வாசகருக்கு 120 விநாடிகள் வரை பழைய வாசகமே கிடைக்கக்கூடும். மூல சர்வர் ஒரு நாள் என்று குறித்திருந்தால் ஒரு நாள் வரை அதுவே நீடிக்கலாம்.

சேமித்த பிரதியை நீக்கச் சொல்லும் பர்ஜ் கோரிக்கைக்கு வழிசெய்து, அதை நம்முடைய சர்வர்களுக்கு மட்டும் அனுமதிப்பதே இதற்குத் தீர்வு. திருத்திய பக்கத்தோடு, அதைப் பட்டியலிடும் முகப்புப் பக்கத்துக்கும் தனியாகப் பர்ஜ் அனுப்ப வேண்டும், ஏனெனில் ஆர்.எப்.சி. விதியே முழுமையாகப் பின்பற்றப்பட்டாலும், திருத்தப்பட்ட முகவரிக்கு அப்பால் உள்ள பட்டியல் பக்கங்களையும் செல்லாததாக்குமாறு அது கட்டாயப்படுத்துவதில்லை. வாசிப்பு மிகுந்த செய்தித்தளங்களுக்கு வார்னிஷைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடிக்கடி தரவு எழுதப்படும் ஏ.பி.ஐ.க்கு (மென்பொருள்கள் தரவு பரிமாறும் இடைமுகம்) முன்னால் வைப்பதானால், பர்ஜ் விதியைச் சோதித்த பிறகே வையுங்கள்.