மூங்கில் கழியா, ரீல் தூண்டிலா? ஏரியில் முதல் மீனுக்கு எது?

தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரீல் வாங்கலாம்?" என்பதுதான். எந்த மீன் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். கழியா ரீலா என்பதை மீன்தான் முடிவு செய்கிறது.

மதுராந்தகம் பக்கத்து ஏரிகளில் புதிதாக வருகிறவருக்கு மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆண் ஜிலேபி கரையோரத்தில், ஆழமில்லாத இடத்தில் மண்ணைப் பறித்துக் குழி போட்டு வைத்திருக்கும். அதாவது மீன் நம் காலடியிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் இருக்கிறது. போன வருடம் அக்கா மகன் புது ரீலோடு வந்தான். ஏரி நடுவே பார்த்து வீசிக்கொண்டே இருந்தான். மதியம் வரை ஒன்றும் இல்லை. கழியை அவன் கையில் கொடுத்து, நாணல் ஓரமாகப் போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் நாலு ஜிலேபி.

கழிக்குச் செலவே இல்லை எனலாம். பன்னிரண்டு அடி மூங்கில், கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு நைலான் நரம்பு, ஒரு தக்கை, சின்ன ஈயம், ஒரு முள். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதை மட்டும் கடையில் நினைவில் வையுங்கள். ஜிலேபியின் வாய் சின்னது, 8 அல்லது 10 சரியாக இருக்கும்.

ஆனால் மலிவு என்பதற்காக நான் கழியைச் சொல்லவில்லை. தக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம், அதற்காகத்தான் சொல்கிறேன். ஜிலேபி இரையைக் கொறிக்கும்போது தக்கை விட்டு விட்டுத் துடிக்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் சுண்ட வேண்டும். கெளுத்தி அப்படி இல்லை, ஒரே இழுப்பாக அமுக்கிவிடும். அடுத்தது ஆழம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை நரம்பில் ஏற்றி இறக்கிக் கட்டினால் யாருக்குப் பந்தி வைக்கிறோம் என்பதே மாறிவிடும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ரீலிலும் தக்கை கட்டலாம், சரி. ஆனால் முப்பது அடி தள்ளி மிதக்கிற தக்கையின் சின்னத் துடிப்பு புதியவர் கண்ணுக்குத் தெரியாது.

ரீல் ஜெயிக்கிற இடம் பெரிய மீன். மூன்று கிலோ கட்லா கழியில் மாட்டினால் அது ஓடுவதற்கு விட நம்மிடம் நரம்பு இல்லை. அறுபடும், இல்லையென்றால் கழி முறியும். ரீலில் டிராக்கை, அதாவது நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, தளர்த்தி வைத்தால் மீன் இழுக்க இழுக்க நரம்பு போகும், களைத்த பிறகு சுற்றி எடுக்கலாம். விராலுக்கும் ரீல்தான் வசதி. தாமரை இலைகளுக்கு மேலே ரப்பர் தவளையை வீசி இழுத்து வரும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வும். அதைப் பார்ப்பதற்காகவே பலர் ரீல் வாங்குகிறார்கள். ஒன்று மட்டும் மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போனால், கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அங்கே வீசாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

இரையில் பெரிய போட்டி இல்லை. மண்புழுவுக்கு எல்லாம் வரும், கெளுத்தியும் சேர்த்து. அதன் பக்க முள் குத்தினால் நன்றாக வலிக்கும், துணியால் பிடித்துக் கழற்றுங்கள். மைதா உருண்டை கெண்டை வகைகளுக்கு நல்லது, ஆனால் பொடிமீன்கள் நொடியில் கரைத்துவிடும்.

எதை எடுத்துப் போனாலும் முதலில் அனுமதி கேளுங்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். ஒரு கழியோடு வந்து உட்கார்பவரைக் குத்தகைக்காரர்கள் பல நேரம் விட்டுவிடுவார்கள். நாலு ரீலோடு போனால் கேள்வி வரும், அதில் நியாயமும் உண்டு. அப்புறம், மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. மாட்டிய முள்ளை எடுக்க உள்ளே இறங்காதீர்கள். கரையில் அறுந்து கிடக்கும் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கும் நாரையும் காலில் சிக்கிச் சாகின்றன.

என் தேர்வு: முதல் மூன்று மாதம் கழி. அதில் கை பழகி, விரால் ஆசை வந்த பிறகு ஆறு அல்லது ஏழடி ராடும், 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும் வாங்குங்கள். வாங்கியதும் ஏரிக்கு ஓட வேண்டாம். முள் இல்லாமல் வெறும் ஈயத்தைக் கட்டி, ஆள் இல்லாத மைதானத்தில் ஒரு வாரம் வீசிப் பழகுங்கள்.